ஏணி உச்சியில் அப்பா

"அதோ, ஏணி உச்சியில நிக்கிறாரு பாரு, அவர்தான் எங்கப்பா."

மகளின் குரல் முற்றத்தைத் தாண்டிச் சமையலறை ஜன்னல் வரை வந்தது. அங்கே நின்ற அப்பா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

ஏணி உச்சியில் நின்றது அவர் இல்லை. தீயணைப்பு நிலையத்தில் எல்லோரும் 'லொள்ளு' என்று கூப்பிடுகிற வீரன். தலையில் ஹெல்மெட், முகம் முழுக்க மூடிய முகமூடி, உடம்பில் கனத்த அங்கி. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

அப்பா அந்த நிலையத்தின் சமையல்காரர்.

வீட்டில் அவர் வேறு ஆள்.

வீரர்கள் சாப்பிடும்போது அளக்கிற கதைகளையெல்லாம் கரண்டியும் கையுமாக நின்று கேட்டுக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் அதே கதைகளில் ஒரு 'நான்' சேர்த்து மகளுக்குச் சொல்வார். மாடியிலிருந்து கிழவரைத் தோளில் போட்டு இறக்கியது நான். எரிகிற கடைக்குள் புகுந்து சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தது நான். அவள் கண்கள் விரிய விரியக் கதையும் விரிந்தது.

அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிலையத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் லீவு கேட்டுப் பார்த்தார். வருகிற வாண்டுகளுக்குப் பால் காய்ச்சுவது யாராம், நானா என்று அதிகாரி ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

பாலைக் காய்ச்சினார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை டிரைவர் தலையில் கட்டினார். கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டார்.

லொள்ளு ஏணியிலிருந்து சரசரவென்று இறங்கினான். முன்வரிசையில் ஒரு குட்டி, பூதம் வருகிறது என்று வீறிட்டு அழுதது.

வழக்கமாக நடப்பதுதான். நிஜமாகவே தீப்பிடித்த வீட்டில் இந்த முகத்தைப் பார்த்தால் பிள்ளைகள் பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். காப்பாற்ற வந்தவன் கையில் சிக்காது. அதனால், வருகிற பிள்ளைகள் முன்னால் முகமூடியோடு நின்று, அவர்கள் பார்க்கப் பார்க்க அதைக் கழற்றி, உள்ளே இருப்பது மனுஷன்தான் என்று காட்டியாக வேண்டும். அதிகாரியின் கண்டிப்பான உத்தரவு.

இதோ, கழற்றப் போகிறான்.

மகளுக்குப் பக்கத்தில் நின்ற பையன் வேறு தூபம் போட்டான். நிஜமாகவே உங்கப்பாதானா, முகத்தைக் காட்டச் சொல்லு பார்ப்போம் என்றான். அவளைப் புளுகுணி என்றான். நாலைந்து பிள்ளைகள் சிரித்தார்கள்.

அப்பா கதவைப் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு ஓடினால் தடுத்துவிடலாம். ஆனால் என்னவென்று சொல்லித் தடுப்பது? கையில் துடைப்புத் துணியோடு, ஏப்ரனோடு, யாராகப் போய் நிற்பது?

லொள்ளுவின் கை முகமூடியின் பட்டைக்குப் போனது.

மகள் வரிசையை விட்டு ஓடினாள். அவன் கால்களைக் கட்டிக்கொண்டாள். அவன் குனிந்தான். காதருகில் எதையோ சொன்னாள்.

பட்டையிலிருந்து கை இறங்கியது.

அவன் முகமூடியைக் கழற்றவே இல்லை. அவளை அலாக்காகத் தூக்கித் தோளில் உட்கார வைத்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அழுத குட்டி அழுகையை நிறுத்திவிட்டுத் தன்னையும் தூக்கச் சொல்லிக் கையை நீட்டியது. தூபம் போட்ட பையனும் கைதட்டினான். அதிகாரி மட்டும் முறைத்தார்.

தப்பித்தாயிற்று. அப்பாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. இன்னொருவன் தோளில் உட்கார்ந்து மகள் ராணி மாதிரி ஊர்வலம் போகிறாள். பெற்றவன் கூப்பிடு தூரத்தில், தாழிட்ட கதவுக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறான். அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. முகம் மட்டும் கொதித்தது.

பஸ் கிளம்பிப் போன பிறகுதான் தாழை நீக்கினார்.

லொள்ளு உள்ளே வந்தான். எதற்கும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன், இன்று நேராகப் போய்த் தண்ணீரை மொண்டு குடித்தான்.

அப்பா தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் கொட்டினார். குழந்தைக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை, உன்னைத்தான் நான் என்று நம்பிவிட்டாள், தப்பு முழுக்க என்னுடையது, தயவுசெய்து இங்கே யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சினார்.

லொள்ளு டம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணே, அவ என்னைய நீங்கன்னு நெனைக்கல. 'அங்கிள், கழட்டிடாதீங்க, எங்கப்பா சமையல்ரூம் ஜன்னல்லேருந்து பாத்துட்டிருக்காரு, பாவம்'னு சொன்னா."