மிதிக்காத பெடல்

பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டான் கிபொம். இரண்டு குச்சிகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

'டும்' என்றது ஹெட்போன். சற்று விட்டு, 'டும், டும்.'

யாரும் மிதிக்காமலே மின்னணு டிரம் செட்டின் பேஸ் டிரம் அடித்துக்கொண்டிருந்தது. வயரை மாற்றிப் பார்த்தாயிற்று, செருகிய இடத்தையும் மாற்றிப் பார்த்தாயிற்று. ஹெட்போனைக் கழற்றி வீசிவிட்டுக் கடைக்காரர் பியோவுக்கு போன் செய்தான்.

"அண்ணே, நீங்க வித்த டிரம் பேட்ல பேய் புகுந்திருக்கு. உடனே வாங்க."

இந்த டிரம் வீட்டில் இருப்பதா போவதா என்பதே இழுபறியாக இருந்தது. மேல்வீட்டுச் சத்தம் தாங்க முடியவில்லை என்று கீழ்வீடு, 702-ஆம் எண், குடியிருப்பு அலுவலகத்தில் இரண்டு முறை புகார் செய்திருந்தது. இன்னொரு புகார் வந்தால் டிரம்மை விற்றுவிட வேண்டும் என்று மனைவி யோன்ஜு சொல்லியிருந்தாள்.

அதற்குப் பயந்துதான் அடி விழும் ரப்பர் பேட்களை எல்லாம் எடுத்துவிட்டு வலைப் பேட்களாக மாற்றினான். அடியில் தடித்த பாய் வேறு. இப்போது ஓங்கி அடித்தாலும் போர்வையைத் தட்டுகிற சத்தம்தான் வெளியே வரும். சத்தம் அடங்கியது, இந்தக் கோளாறு முளைத்தது.

பியோ பையோடு வந்தார். யோன்ஜு பார்லித் தண்ணீர் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

பியோ வலையைக் கழற்றி, உள்ளே இருந்த பஞ்சையும் சென்சாரையும் விரலால் அழுத்திப் பார்த்தார். "சென்சார் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு எது அடி, எது அதிர்வுன்னு தெரியாதுடா தம்பி. பக்கத்துல ஏதாவது ஆடினாலும் அடின்னு நினைச்சுக்கும்."

ஸ்டாண்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்தார். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு முழுசாக ஒரு பாட்டு வாசித்தார். குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு 'டும்' கூட இல்லை.

"நான் வந்ததும் ஒழுங்காயிடுச்சே" என்றார்.

"நம்புங்கண்ணே. தினம் வருது."

"இதுவும் உன் பொண்டாட்டி மாதிரிதான் போல. விருந்தாளி இருந்தா சத்தமே வராது."

யோன்ஜு சிரிக்காமல் தம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். பியோவும் கிளம்பினார்.

கிபொம் மறுபடி உட்கார்ந்தான். ஹெட்போனை மாட்டினான். பாட்டு பாதி போவதற்குள், 'டும்'. பல்லைக் கடித்துக்கொண்டு லேசான அடிகளை எடுத்துக்கொள்ளாதபடி கருவியின் பொத்தானைத் திருகி அளவை ஏற்றினான். 'டும்.' இன்னும் ஏற்றினான். கடைசியில் அவனே மெதுவாக மிதித்தது கேட்கவில்லை. அந்தப் பேய் மட்டும் கேட்டது.

தோளை யாரோ உலுக்கினார்கள். யோன்ஜு. முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு. காவலாளி இண்டர்காம்ல இருக்காரு. மறுபடியும் 702."

இவ்வளவு கோபமாக அவளை அவன் பார்த்ததில்லை. "சத்தமே வரலையே யோன்ஜு. நீயே தட்டிப் பாரு."

"நமக்குக் கேக்கலைன்னா கீழ கேக்காதா? சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குங்க."

பழைய பொருள் விற்கும் செயலியில் அவளே படம் எடுத்துப் போட்டாள். தேநீர் ஆறுவதற்குள் ஆள் கிடைத்துவிட்டார். பக்கத்துக் குடியிருப்புதான், சாயங்காலம் வண்டியோடு வருகிறாராம்.

கிபொமுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்துக்கும் டிரம்முக்கும் நாலு நடை நடந்தான். பிறகு யாரோ கொடுத்திருந்த பேரிக்காய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"எங்க போறீங்க?"

"கீழ. நேர்ல போய் மன்னிப்புக் கேட்டு, ஒரு வாரம் தவணை வாங்கிட்டு வர்றேன்."

"இந்த மாதிரி விஷயத்துக்கு யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாதுன்னு தெரியாதா? எதுவா இருந்தாலும் ஆபீஸ் மூலமாத்தான் பேசணும். அதுக்குத்தான் காவலாளி இருக்காரு."

"காவலாளி 'உங்க வீட்டுச் சத்தம்'னு மட்டும்தான் சொல்றாரு. எந்தப் பேடு கேக்குதுன்னாவது தெரிஞ்சுக்கிறேன். அதை மட்டும் கழட்டிட்டுப் போறேன்."

அவன் மின்தூக்கிக்குள் நுழைவதற்குள் யோன்ஜுவும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

702-இன் கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கண்கள் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர் என்று சட்டைப்பையில் தொங்கிய அடையாள அட்டை சொன்னது; இரவு வேலை போலிருக்கிறது.

கிபொம் இடுப்பு வளையக் குனிந்தான். "மேல்வீட்டுக்காரன்மா. மன்னிச்சுக்குங்க. எல்லாப் பேடையும் மாத்திட்டேன், பாயும் போட்டுட்டேன். எந்த டிரம்மோட சத்தம் கீழ வருதுன்னு நீங்க சொன்னா, அதைத் தொடவே மாட்டேன்."

அந்த அம்மாள் புரியாமல் பார்த்தார். "டிரம்மா? உங்க வீட்ல டிரம் இருக்கா?"

யோன்ஜு அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, போகலாம். அதான் மன்னிப்புக் கேட்டாச்சே."

"அப்ப நீங்க புகார் கொடுத்தது...?"

அந்த அம்மாள் பேரிக்காய்ப் பெட்டியை வாங்காமல், நிதானமாகச் சொன்னார்.

"உங்க படுக்கையறையில தினமும் கயிறு தாண்டுறாங்களே, அதை."