மூன்றாம் மாடிப் பொம்மை

ஆனந்தராசா பொம்மையின் விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டார். பழைய கவரால் உடுப்புக்குள் மணலை அடைத்துத் தைத்த ஆளுயரப் பொம்மை. உதைத்த உதையில் புழுதி கிளம்பியது.

"மண்மூட்டைக்கு நோகாது! போர்வையிலை சுத்தித் தரதரவெண்டு இழுத்துக்கொண்டு ஓடுங்கோடா!"

சார்ஜா லேபர் கேம்ப்பின் தீயணைப்பு வாலன்டியர்களில் கார்மேகமும் சரவணகுமாரும்தான் ஜூனியர்கள். சேர்ந்த நாளிலிருந்து இந்த யாழ்ப்பாணத்து சேஃப்டி ஆபீசரிடம் அவர்கள் வாங்காத ஏச்சு இல்லை. மனுஷன் முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது.

"இண்டைக்குக் கடைசிப் பயிற்சி. பொம்மை மூண்டாம் மாடியிலை கிடக்கும், ரெண்டு பேரும் கீழை கொண்டு வாறியள். எல்லாரும் வெளியிலை வந்தாப் பிறகு கேம்ப் பாஸ் மக்தூம் அறை அறையாப் பாப்பார்." அவர் பார்வை கார்மேகத்தின் மேல் வந்து நின்றது. "கள்ள ஆக்கள் ஆரையும் ஒளிச்சு வச்சிருந்தியள் எண்டா, நானே பொலிசிலை குடுப்பன்!"

அதே மூன்றாம் மாடியில், கார்மேகத்தின் கட்டிலுக்கு அடியில்தான் அக்காள் புருஷன் பூமிநாதன் படுத்திருந்தான். ஃபோர்மேனின் அடி தாங்காமல் வேறொரு கம்பெனியிலிருந்து ஓடி வந்தவன். பாஸ்போர்ட், விசா கொடுத்த கஃபீல் முதலாளியின் கையில். அடுத்த மாதம் பொதுமன்னிப்பு வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. அதுவரை தாக்குப்பிடித்தால் வழக்கில்லாமல் அக்காளிடம் போய்ச் சேரலாம். முன்னாலேயே மாட்டினால் ஜெயில்தான்.

சைரன் அலறியது. புகைக்குண்டை வேறு கொளுத்திப் போட்டிருந்தார்கள். ஆட்கள் திமுதிமுவென்று இறங்க, இவர்கள் இருவரும் இருமிக்கொண்டே மேலே ஓடினார்கள். பொம்மை வராந்தாவில் மல்லாந்து கிடந்தது.

"மச்சான எங்கடா கொண்டுபோயி வைக்கிறது? கீழ அம்புட்டுப் பேரும் நிக்கிறாய்ங்களே!" என்றான் கார்மேகம், அழாத குறையாக.

சரவணகுமார் பொம்மையைப் பார்த்தான். "இத நான் மொட்டை மாடியில தள்ளிட்டு வாரேன். நீ அவரப் போர்வையில சுத்து."

பூமிநாதனைத் தலை முதல் கால் வரை மூடிச் சுற்றினார்கள். "மச்சான், இருமிராதீக. உங்களக் கும்புடுறேன்," என்றான் கார்மேகம். இழுக்க மனம் வரவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டார்கள்.

படித் திருப்பத்தில் ஆனந்தராசா வழியை மறித்து நின்றார். போர்வையை ஒரு கணம் உற்றுப் பார்த்தவர், வள்ளென்று விழுந்தார்.

"கவனமடா! தலை சுவரிலை அடிபடப் போகுது!"

இதற்கும் ஒரு ஏச்சா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கார்மேகம் இறங்கினான்.

மைதானத்தில் வெயில் கொளுத்தியது. போர்வையை மண்ணில் கிடத்திவிட்டு இருவரும் நிமிர்ந்து நின்றார்கள். மேலே மக்தூம் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே மச்சானுக்கு மூச்சு இருக்கிறதா, இல்லையா? கார்மேகத்துக்குக் குனிந்து பார்க்கக்கூடப் பயமாக இருந்தது.

ஒருவழியாக மக்தூம் இறங்கி வந்தார். "மாஃபி. யாரும் இல்ல," என்று கையை உதறியவர், போர்வைப் பக்கம் நடந்து வந்தார்.

ஆனந்தராசா குறுக்கே பாய்ந்தார். "இதுதான் கேசுவல்ட்டியைக் கொண்டு வாற லட்சணமோ? மாடுகள்! உங்களுக்கு ஆர் வாலன்டியர் வேலை தந்தது? ரெண்டு பேரும் பெயில்!"

அந்தக் கத்தலைப் பார்த்து மக்தூமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கலாஸ், கலாஸ்! போதும் விடு," என்று ஆனந்தராசாவின் தோளில் தட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

கார் கேட்டைத் தாண்டியது. ஆனந்தராசா போர்வை அருகே வந்து குத்துக்காலிட்டார். தொலைந்தோம் என்று கார்மேகம் கண்ணை மூடிக்கொண்டான்.

"பொம்மைக்கு வேர்க்குது, தண்ணி குடு."