எட்டாம் கட்டத்துச் செவ்வாய்

கிழித்துவிட வேண்டும். ஒரே ஒரு தாள்தான்.

குமுதா பின்னறை அலமாரியைத் திறந்தாள்.

முன்கூடத்தில் புனிதன் வீட்டார். பாசிர் பெனம்பாங்கிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியை முடித்துவிட்டார்கள். "போயி ஜாதக நோட்ட எடுத்தாம்மா" என்று அம்மா அமராவதிதான் அனுப்பினாள், தன் இடுப்பை விட்டு இறங்காத சாவியைக் கொடுத்து.

கொண்டுபோய்க் கொடுத்தால் தீர்ந்தது. குமுதாவுக்கு எட்டில் செவ்வாய். தாலி கட்டுகிறவனுக்கு ஆகாது.

புனிதனின் பெரியம்மா தங்கமணி, செவ்வாய் என்று காதில் விழுந்தாலே செருப்பை மாட்டுகிறவர். கணினி ஜாதகத்தைத் தொடவே மாட்டார். நோட்டில் எழுதியதுதான் அவருக்கு வேதவாக்கு.

அம்மா மட்டும் லேசுப்பட்டவளா? புனிதனுடனான நான்கு வருடக் காதலைச் சொன்ன அன்றே கறாராகச் சொல்லிவிட்டாள், ஜாதகம் பார்க்காமல் தாலி ஏறாது என்று.

நோட்டைப் பிரித்தாள்.

எழுத்து நகர்ந்தது!

இல்லை, தாளின்மேல் ஏதோ நகர்ந்தது. கடுகில் பாதிகூட இல்லாத வெளிறிய பூச்சிகள். நூறா, ஆயிரமா? புத்தகப் பேன்!

தோட்டத்து லயத்து வீட்டு ஈரத்தில் தாள் முழுக்கப் பூஞ்சணம். அதை மேய்கிற சாக்கில் எழுத்தையும் சுரண்டித் தீர்த்திருந்தன. பிறந்த நேரம் இல்லை. ராசிக் கட்டம் இல்லை.

ஊதினாள். எட்டாம் கட்டம் பொடியாகப் பறந்தது.

சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாடி, நோட்டு கெடைக்கலியா?"

அம்மா! உள்ளே வந்தாள். பார்த்தாள். நோட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

"பாருங்க சம்பந்தி, பாழாப்போன பூச்சி! பேர்ப் பொருத்தம் பாத்துருவோம்லா."

"அதுக்குள்ள சம்பந்தியா?" தங்கமணியின் குரல் வெட்டியது.

குமுதா கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். தங்கமணி முகத்தைச் சுளித்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ம்... பொருந்தத்தான் செய்யுது. தட்ட மாத்துங்க."

குமுதா பின்னறையிலேயே ஒரு குதி குதித்தாள்.

அலமாரியைச் சாத்தப் போனவள் நின்றாள். நோட்டு இருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு கிண்ணம்.

அதில் சோற்றுக் கஞ்சி. கஞ்சியில் ஊறிக்கொண்டு ஒரு பிரஷ்.

விளிம்பில் பழைய கஞ்சி அடுக்கடுக்காய்க் காய்ந்திருந்தது. உள்ளே இருந்தது இன்று காலை வடித்ததுதான். இன்னும் ஏடு கட்டவில்லை.