கோவையிலிருந்து வராத அழைப்பு

கோவைக் கிளைக்கு இங்கிருந்து வீடியோ அழைப்பு போகிறது, அங்கிருந்து கூப்பிட்டால் மட்டும் வருவதில்லை என்று புகார். பதினோரு வருஷமாக எல்லாக் கூட்டத்துக்கும் சென்னை அலுவலகம்தான் கூப்பிட்டது என்பதால் யாரும் இதைக் கவனித்திருக்கவில்லை. சென்னை அலுவலகத்தின் இன்ஜினியர் தணிகைவேல் கேபிளை மாற்றிப் பார்த்தார், நெட்வொர்க்கைச் சோதித்தார். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கடைசியில் எந்த அழைப்புகளை உள்ளே விடக்கூடாது என்று கருவி வைத்திருக்கும் தடைப் பட்டியலைத் திறந்தார். அதில் கோவையின் முகவரி மட்டும் இருந்தது. சேர்த்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயர்.

அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்பு கோவைக் கிளையில் இன்ஜினியராக ரெஜினா இருந்தாள். லைனைச் சோதிக்க என்று தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூப்பிடுவாள். சோதனை முடிய முக்கால் மணி நேரம் ஆகும். பாதி நேரம் இருவரும் ஒன்றும் பேசாமல் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் தனக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள், தானும் சரியென்று சொல்லிவிட்டேன் என்று அவள் சொன்னதற்கு மறுநாள், அந்த முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், ஐந்து மணிக்குச் சற்று முன்பாக அவர் இதைச் செய்தார். செல்போனையும் அணைத்துவிட்டு ஒரு வாரம் லீவில் போய்விட்டார்.

இப்போது முகவரியை நீக்கினார். உடனே அழைப்பு வந்தது. திரையில் கோவையின் புது இன்ஜினியர் நஸ்ரின்.

"கிடைச்சிடுச்சு சார். இதே பிரச்சினைக்கு இங்க ஒரு பழைய புகார் இன்னும் மூடாமலே கிடக்கு. பதினோரு வருஷம் முன்னாடி ரெஜினான்னு ஒருத்தங்க போட்டது. 'முடிவை மாற்றிவிட்டேன், இன்றைக்கே பேச வேண்டும்'னு எழுதியிருக்காங்க. என்ன முடிவோ தெரியலை. மூடிடட்டுமா?"

தணிகைவேல் கண்ணாடியைக் கழற்றினார்.

"வேண்டாம்மா," என்றார். "அது இருக்கட்டும்."