பின்சக்கரத்துக்கு ரப்பர்

"ரெண்டு ஸ்குரூ போதும்மா" என்ற பாக்கியநாதனின் கையிலிருந்து துளை போடும் மெஷினைக் கனிஷ்காவே வாங்கிக்கொண்டாள்.

நம்பர் ஒன் டோல்கேட்டில் கடை போட்டு முப்பது வருடமாக வண்டி சாமான் விற்கிறவர் அவர். பிக்கப்பின் பின்சக்கரத்துக்குப் பின்னால், சேறு தெறிக்காமலிருக்க ரப்பர் மாட்டுவது அவருக்குத் தூக்கத்தில் செய்கிற வேலை. இந்தப் பெண் அவரையே ஓரமாக நிற்க வைத்துவிட்டாள்.

அவளுடைய அப்பா காத்தமுத்து, தன் டிவிஎஸ் மொபெட்டில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பிக்கப் அவருடையது. லால்குடியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வாழைத்தாரும் இலையும் ஏற்றிப் போய்க்கொண்டிருந்த வண்டி. இடது முட்டி தேய்ந்துபோனதும், இனிமேல் கிளட்ச் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துறையூரில் ஒருவர் வண்டியை வாங்கிக்கொள்ள வந்தார். "நான் ஓட்டறேன்ப்பா" என்று குறுக்கே நின்றாள் மகள்.

மூன்று மாதம் பார்ப்போம் என்று சாவியைக் கொடுத்தார். அந்தக் கெடு இன்றோடு முடிகிறது. துறையூர்க்காரர் சாயங்காலத்துக்குள் பதில் கேட்டிருக்கிறார்.

கனிஷ்கா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தாள். கையில் ஒரு சணல் கயிறு. அதில் ஒரு முடிச்சு.

காலி வண்டிக்கு அளவெடுத்து மாட்டினால், தார் ஏற்றியதும் வண்டி இறங்கி ரப்பர் தரையில் உரசும். அதனால் காலையிலேயே, முழுச் சுமையோடு நின்றபோதே, அளவை முடிந்து வைத்திருந்தாள். பாக்கியநாதன் அந்த முடிச்சைப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இவ்ளோ அகலம் எதுக்கும்மா? இது லாரிக்குப் போடறதாச்சே."

"இருக்கட்டும்ண்ணே."

ரப்பர் கிழியாமலிருக்க இரும்புப் பட்டி வைத்தாள். வாஷர் போட்டாள். ஒவ்வொரு நட்டையும் முடுக்கிவிட்டு, ரப்பரைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி இழுத்துப் பார்த்தாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். காத்தமுத்து அந்த ஜாதிக் காக்கை இல்லை. பெற்ற பிள்ளை என்பதற்காக அரை மார்க்கூடக் கூட்டிப் போடாத மனிதர். அப்படிப்பட்டவருக்கே நெஞ்சு நிறைந்து போயிற்று. இருபது வருடம் ஓட்டியும் இந்தக் கயிறு யோசனை தனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே என்று நினைத்தார். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

தள்ளிப் போய்ப் போன் போட்டார்.

"வண்டி விக்கலைங்க. ஓட்டறதுக்கு ஆள் இருக்கு."

பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டு வருகிறவர் போல மீசையைத் தடவிக்கொண்டு திரும்பினார். கனிஷ்கா கையைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறியிருந்தாள். கடைக்கு எதிரே, முந்தின நாள் மழைக்குத் தேங்கிய செம்மண் தண்ணீர் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது.

அவள் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"அப்பா, நான் அந்தத் தண்ணிக்குள்ள விட்டு ஓட்டறேன். நீங்க டிவிஎஸ்ல பின்னாடி வாங்க. தினம் காலைல வர்ற அதே தூரத்துலயே வாங்க. சட்டைல தெறிக்குதான்னு பாத்துடலாம்."

மூன்று மாதமாக, விடியுமுன் அவள் வண்டி தெருமுனை திரும்பியதும் கிளம்பி, பால் வேனுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து கொள்ளிடம் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை போய்விட்டு, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்ததாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார் காத்தமுத்து. அது அவளுக்குத் தெரியாது என்றுதான் இந்த நிமிடம் வரை நினைத்திருந்தார்.

போய் மொபெட்டைக் கிளப்பினார்.