கலையாத குழு

சாக்கு மூட்டையைப் பிரித்ததும் தீவிலிருந்த மின்னி பே ஆபீஸ் முழுக்க அழுகல் மீன் நாற்றம் பரவியது. நளினி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள். அவளுடைய மேலதிகாரி சந்திரசேகர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சீ! இந்தப் படகுக்காரனுங்ககிட்ட நல்ல பொருளைக் கொடுத்தா இப்படித்தான். குரங்கு கையில பூமாலை!"

மூட்டையில் இருந்தவை, டவர் எட்டாத கடலில் படகுக்குப் படகு சேதி கடத்தும் கருவிகள். அருகருகே இருக்கும் படகுகள் தாமாகவே ஒரு குழுவாகும். அதில் ஒரு கருவி தலைமை ஏற்று, மற்றவற்றின் சேதியை வாங்கி அனுப்பும். படகுகள் விலகினால் குழு கலையும், தலைமை மாறும். மாறுகிற நேரத்தில் ஒருவன் உதவி கேட்டால் யாருக்கும் போய்ச் சேராது.

நேற்றுப் படகுகளில் கொடுத்தனுப்பிச் செய்த சோதனையில், பகல் முழுக்கத் தலைமை ஒரு தடவைகூட மாறவில்லை என்று கருவிகளின் பதிவு காட்டியது.

"ஃபர்ஸ்ட் கிளாஸ்! திங்கக்கிழமை எல்லாப் படகுக்கும் இதைக் கொடுத்துட்டு, பழைய வயர்லெஸ் செட்டைத் திருப்பி வாங்கிடுவோம்."

"இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிரலாம் சார். என்னால நம்பவே முடியல. தப்பா இருந்தா ஆளுங்க செத்துருவாங்க."

"செத்தா ஊர்ல நாத்தம் குறையும்" என்று சிரித்தார் சந்திரசேகர். இந்த மனுஷனுக்குத்தான் தினமும் 'குட்மார்னிங்' சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. நளினி துடைக்கும் துணியை எடுத்தாள்.

ஒவ்வொரு கருவியாகத் துடைத்தாள். டூரிஸ்டுகளை ஏற்றும் கண்ணாடிப் படகுக்குக் கொடுத்திருந்த கருவியிலும் அதே நாற்றம்.

"அந்தப் படகுல மீனே ஏத்த மாட்டாங்களே சார்?"

"எல்லாம் ஒரே கும்பல்தான், துடைம்மா."

சொல்லிவிட்டு மெயின்லாண்டு அதிகாரிக்குப் போன் போட்டுத் தன் சாதனையை அளக்க ஆரம்பித்தார். ஸ்பீக்கரை வேறு போட்டுக்கொண்டார். பெருமை நாலு பேர் காதில் விழ வேண்டுமே!

அந்த நேரம் படகுக்காரர்களின் தலைவர் கணபதி உள்ளே வந்தார். சோதனைக்குக் கருவிகளை வாங்கிப்போனவர் அவர்தான்.

"வாய்யா கணபதி! நம்ம மெஷின் எப்படின்னு பெரிய சாருக்கு நீயே சொல்லு" என்று போனை நீட்டினார் சந்திரசேகர்.

கணபதி பயபக்தியோடு போனைப் பார்த்துக் கும்பிட்டார்.

"பில்குல் டென்ஷன் வேணாம் சாப்! உப்புத்தண்ணி பட்டா லைசென்ஸ் கேன்சல்னு நம்ம சார் மிரட்டுனாருல்ல? அதான், எல்லா மெஷினையும் கரையிலயே என் மீன் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டு, நாங்க மட்டும் கடலுக்குப் போயிட்டு வந்தோம்!"