உடம்பெல்லாம் பாடம்

"இன்னைக்கு எங்கேயும் வரையக் கூடாது. சொல்லிட்டேன்!"

சட்டையைக் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கொண்டு, சோபாவின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான் அவன்.

அவள் கையில் மூன்று மார்க்கர். சிவப்பு தசைக்கு, நீலம் ரத்தக் குழாய்க்கு, பச்சை நரம்புக்கு.

"விளையாடாதீங்க. நாளைக்குக் காலைல எனக்கு அனாட்டமி பிராக்டிகல்."

"புஸ்தகத்தைப் பார்த்துப் படி. எல்லாரும் புருஷன் மேல படம் போட்டுத்தான் பாஸ் பண்றாங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

பிசியோதெரபி படிப்பை ரெண்டாம் வருஷத்தோடு விட்டவள். மகள் வாலு அப்போது வயிற்றில். பதினொரு வருஷம் கழித்து, போனால் போகிறதென்று பல்கலைக்கழகம் மறுபடியும் சேர்த்துக்கொண்டது. இந்த பிராக்டிகலில் கோட்டை விட்டால் சீட்டு போச்சு. அவ்வளவுதான்.

வகுப்புப் பிள்ளைகள் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். புத்தகம்தான் அவளைப் படுத்தி எடுத்தது. எத்தனை தடவை படித்தாலும் மண்டையில் ஏறவில்லை. வேண்டாம்டா சாமி, நின்றுவிடலாம் என்று மூடி வைத்தபோதுதான், சட்டையில்லாமல் குப்புறப் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த புருஷன் கண்ணில் பட்டான். அடேயப்பா, எவ்வளவு பெரிய முதுகு!

அன்றைக்கு அதில் வரைந்த ஆறு தசையும் மறுநாள் கண்ணை மூடியதும் வரிசையாக வந்து நின்றன. அப்புறம் என்ன? வகுப்பு முடிந்தால் போதும், வீட்டுக்கு ஓடி வருவாள். படிப்பில் இவ்வளவு ஆசை வரும் என்று அவளே நினைக்கவில்லை.

அவன்தான் சரியில்லை. நாலாம் நாளே ஆரம்பித்துவிட்டான்.

"முதுகு வேண்டாம், கையில வரை."

பனியனைக்கூடக் கழற்றவில்லை. ரெண்டு நாள் கழித்து, "வலது கை வேண்டாம், இடது கை." அப்புறம், "கையே வேண்டாம், கால்." தினம் ஒரு நொண்டிச் சாக்கு. முதுகு கூசுதாம். கையில் மை இருந்தால் கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். லிஃப்ட் மெக்கானிக் கையில் கிரீஸ் இருந்தால் மட்டும் சிரிக்க மாட்டார்களாமா?

இன்றைக்கு ஒன்றுமே கிடையாதாம்.

"நான் பாஸ் பண்றது உங்களுக்குப் பிடிக்கலை. அதை நேரா சொல்லிடுங்க!"

அவன் டிவியைப் போட்டுக்கொண்டான்.

பல்லைக் கடித்துக்கொண்டு தன் காலிலேயே வரைந்தாள். எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மறுநாள் தேர்வாளர் கேட்டார். "தோள்ல இருந்து விரல் வரைக்கும் வர்ற நரம்பெல்லாம் எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க."

கண்ணை மூடினாள். புருஷனுடைய இடது கை, மச்சத்தோடு வந்து நின்றது. மடமடவென்று சொல்லி முடித்தாள்.

"எந்தப் புஸ்தகம் படிச்சீங்கம்மா? இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. பாஸ், போங்க."

சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் கோபம் போகவில்லை. அவனிடம் உடனே சொல்லக் கூடாது, நாலு தடவை கெஞ்ச வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீட்டுக்குள் நுழைந்தாள்.

அவன் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான். பின்னால் வாலு, பஞ்சில் களிம்பைத் தொட்டுத் தொட்டு முதுகில் தடவிக்கொண்டிருந்தாள்.

முதுகு, ரெண்டு கை, முழங்காலுக்குக் கீழே எல்லாம் சிவந்து தடித்திருந்தது. அவள் போட்ட கோடு ஒன்று விடாமல், அப்படியே தடித்திருந்தது.

"ஐயையோ! என்னங்க இது?"

அவன் பதறிப்போய்ச் சட்டையைத் தேடினான். "ஒண்ணுமில்லம்மா, வேர்க்குரு. பிராக்டிகல் என்னாச்சு? அதைச் சொல்லு முதல்ல."

"பாஸ்" என்றாள்.

"அப்பாடா! பாஸாயிட்டல்ல, இனிமே சொல்லலாம்" என்றாள் வாலு. "வேர்க்குரு இல்லம்மா. அந்த மை அப்பாவுக்கு ஒத்துக்கலை. இனிமே அது உடம்புல படவே கூடாதுன்னு முதல் வாரமே டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'முதுகுதானே டாக்டர் போச்சு, இன்னும் ரெண்டு கையும் ரெண்டு காலும் பாக்கி இருக்கே!'ன்னாரு."